வாங்கியது

வாங்கினேன் என்றால் அது என் கையில்தானே இருக்க வேண்டும் என்று தெய்வானை நினைத்துக்கொண்டாள். கையில் காபித் தட்டு மட்டும்தான் இருந்தது.

"நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே" என்று அவள் கணவன் கதிரேசன் அடுப்படி வாசலை மறித்து நின்றபடி பல்லைக் கடித்தான். கூடத்தில் அவனுடைய அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். குளியலறைக்குள் புகுந்த சாரைப்பாம்பைத் தான் ஒற்றை ஆளாக விரட்டிய கதையை அவன் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது தெய்வானை சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. அன்றைக்குத் துடைப்பக்கட்டை அவள் கையில் இருந்தது. அவன் கட்டில்மேல் நின்று, "போயிடுச்சா, போயிடுச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அவன் மானத்தை வாங்கிக்கொண்டேதான் இருக்கிறாள். விருந்தாளிக்கு வைத்த சாம்பாரில் உப்பு கூடியபோது வாங்கினாள். அவன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியபோதும் வாங்கினாள். இத்தனை வாங்கியும் அவனிடம் அது குறைந்ததாகத் தெரியவில்லை. அவளிடம் ஒரு துளிகூடச் சேரவும் இல்லை. இதை நினைத்ததும் அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வரப் பார்த்தது.

"போய்ச் சொல்லு. வேற என்னமோ நெனச்சுச் சிரிச்சேன், வெரட்டுனது அவருதான்னு சொல்லு."

கூடத்திலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது. "தெய்வானை, பாம்பு கடைசியில எந்தப் பக்கமா போச்சு? ஒங்க வீட்டுக்காரருக்கு ஞாபகம் இல்லையாமே."

தெய்வானை தட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வெரட்டுனீங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேங்க" என்றாள் அவனிடம் மெதுவாக. "காபி ஆறுது. நீங்களும் வாங்க."