இரண்டு பேரில் ஒருவர்

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்கிறது. அதன் நிழல், கூடத்தில் சுழலும் இசைத்தட்டின்மேல் விழுந்து விழுந்து எழுகிறது. இருபது வருஷத்துக்கு முன் ஒரு ஹோட்டல் ஜாஸ் குழு பதிவுசெய்த தட்டு அது. அப்போது சீந்த ஆளில்லை; இப்போது மறுபடி வெளியிடப் போகிறார்களாம். உறையில் ஹோட்டலின் நீச்சல்குளம் இருக்கிறது, வாசித்தவர்களின் பெயர் இல்லை. "இந்த சாக்ஸபோன் சோலோ நீங்களா, பெர்னார்ட் அங்கிளா? இந்தத் தடவ பேர் போடணும் லா," என்கிறான் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் தனசேகரன். அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த இருவரில் ஒருவரான இஞ்ஞாசிக்குத் தெரியவில்லை. நான்தான் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. மறுத்துப் பேச பெர்னார்ட் உயிரோடு இல்லை. ஆனால் இருவரும் மாதா கோயில் பேண்டில் ஒரே சாக்ஸபோனை மாற்றி மாற்றி ஊதிப் பழகியவர்கள்; வாசிப்பும் ஒன்றுபோலவே இருக்கும். "அது பெர்னார்ட் அண்ணன்தான். உங்களுக்கு அவ்வளவு மூச்சு ஏது?" என்கிறாள் மனைவி பிலோமினம்மாள், நறுக்கும் வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல். இஞ்ஞாசி ஊசியை எடுத்து மறுபடி வைக்கிறார். அந்த சோலோ வந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. தொடைமேல் கிடந்த விரல்கள் தாமாகவே எழுந்து, இல்லாத சாக்ஸபோனை ஓர் இடம்கூடத் தப்பாமல் அழுத்துகின்றன. மூச்சு தீர்ந்துபோகிறது. தட்டில் வாசிப்பு இன்னும் நிற்கவில்லை, விரல்களும் நிற்கவில்லை.