எறா ஊசி

"ஊசிதான் போட்டாச்சே, இன்னும் எதுக்கு உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டாள் பார்வதம்.

செங்கல்பட்டில் ஒரு அலர்ஜி டாக்டரின் கிளினிக். தன் தும்மலுக்கு வைத்தியம் பார்க்க அணுபுரத்திலிருந்து வந்திருந்தாள் பார்வதம். அடுத்தவர் வியாதி தெரியாவிட்டால் அவள் வியாதி குணமாகாது.

"கொஞ்ச நேரம் வச்சிருந்து பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்க மேடம்" என்றாள் பக்கத்திலிருந்த பிரபா. "எனக்கு எறா ஆவாது. பொறந்த வூடு படாளம், அங்க தின்னதே இல்ல. கல்யாணமான புதுசுல தின்னேன். தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, பொழச்சதே பெருசு."

"ஓ... ஊசி போட்டுக்கிட்டா இறால் வெளுத்துக் கட்டலாமாக்கும்?"

"ஐயோ, தின்னவே கூடாது. தெரியாம துளி வாயில பட்டுட்டா உசுருக்கு ஆபத்து வராம தடுக்கும். அதுக்குத்தான் மாசாமாசம் போடறாங்க."

"இறாலே வாங்காத வீட்டுக்குத் துளி எப்படி வரும்?"

பிரபாவுக்கு அந்தப் பக்கம் இருந்த மாமியார் சின்னப்பொண்ணு வாயைத் திறந்தாள். "சதுரங்கப்பட்டினத்துல எங்குளுது பரம்பர எறா யாவாரம்மா."

பார்வதத்துக்குத் தும்மலே நின்றுவிட்டது.

"அடடா! வியாபாரம் நிக்கக் கூடாது, மருமக மட்டும் மாசாமாசம் குத்திக்கணும். இப்படி ஒரு மாமியார் கிடைக்க என்ன புண்ணியம் பண்ணினாளோ!"

"டாக்டராண்ட ஒரு வார்த்த பேசிகினு வரேன்" என்று சின்னப்பொண்ணு எழுந்து உள்ளே போனாள்.

"இறால் கூடையை எப்போ தூக்கலாம்னு கேட்கப் போறாங்க போலிருக்கு." பார்வதம் நெருங்கி உட்கார்ந்தாள். "பேசாம தனிக்குடித்தனம் வந்துடும்மா. எங்க பக்கத்துல நானே வீடு பார்த்துத் தர்றேன்."

"நான் எறா தின்னு மயங்கி வுழுந்த அன்னிக்கே அத்த கூடையத் தூக்கி எறிஞ்சிட்டாங்க மேடம். வூடு மொத்தமும் கழுவி வுட்டாங்க. அதுலேர்ந்து கட்டட வேலைக்குப் போய்கினு கீறாங்க. இந்த வயசுல கல்லு சுமந்து, வெயில்ல சுருண்டு வுழுந்துட்டாங்க."

"அப்போ இந்த ஊசி?"

"நாந்தான் டாக்டரைக் கேட்டு ஆரம்பிச்சேன். அவங்க பழையபடி யாவாரத்துக்குப் போவணும்."

பார்வதம் டாக்டர் அறைக் கதவைப் பார்த்தாள். "பின்னே, உள்ளே என்ன பேசறாங்க?"

"'எனுக்கு சித்தாள் வேலையே போதும், மருமவப் புள்ளைக்கு ஊசிய நிறுத்து'ன்னு கெஞ்சிகினு இருப்பாங்க. ஒவ்வொரு தபாவும் இதே பேஜாருதான் மேடம்."