மேலாளரின் குரல்

கோவையில் பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் சண்முகவடிவேல். அவருக்குக் கீழே நானூறு பேர். யார் அவருக்கு போன் செய்தாலும் அவர் குரலிலேயே ஒரு கருவி பேசிவிடும். தொழிலாளர்களுக்கு அது தெரியாது. கருவி என்ன பேசியது என்று அவரும் ஒருநாள்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை. மூன்று வருடங்களாக ஒருவரும் வேலையை விட்டுப் போகாததால், நிர்வாகம் அவருக்கு விருது கொடுத்தது.

மறுநாள் காலை, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் ருக்குமணி அவர் அறைக்கு வந்தாள்.

“நான் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டப்போ ஒரு மணி நேரம் பேசுனீங்களே சார். நீங்க பேசலைன்னா நானும் எம் பொண்ணு பின்னாடியே போயிருப்பேனுங்க.”

அவளுக்கு ஒரு மகள் இருந்ததே அவருக்குத் தெரியாது. ஒப்புக்குத் தலையாட்டினார்.

“உங்க பையனையும் இப்படித்தான் பறிகொடுத்தீங்கன்னு சொன்னீங்க. நான் யார்கிட்டயும் சொல்லலைங்க. தினமும் அந்தத் தம்பிக்கும் சேர்த்துத்தான் விளக்கு வெக்கறேன்.”

அவருடைய மகன் சற்று முன்புதான் பைக்கை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போயிருந்தான். சண்முகவடிவேலுக்கு முகம் எரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். முடியவில்லை.

“அன்னைக்குப் பேசுனது நான் இல்லம்மா. கம்பெனி வெச்ச மெஷின். எம் பையன் நல்லாத்தான் இருக்கான்.”



“தம்பி நல்லா இருக்கட்டுங்க” என்றாள் ருக்குமணி. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அப்போ, எம் பொண்ணு செத்தது உங்களுக்குத் தெரியவே தெரியாதுங்களா சார்?”