கற்றுக்கொடுத்தவன் பெயர்

"பேர மட்டும் சொல்லும்மா. அவன போலீஸ்ல குடுக்காம எனக்குச் சோறு எறங்காது" என்றார் கந்தசாமி.

எதிரே, தன் தாய் எஸ்தரின் முந்தானையைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள் ஜெனிபர். கந்தசாமியின் ஒரே மகன் எழிலனோடு பதினோராம் வகுப்பில் படித்தவள். எழிலன் இறந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவில், போதைக்காக ஒயிட்னரின் நெடியை முகர்ந்தவன், சாய்ந்த இடத்திலிருந்து எழவேயில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து, தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் எழுத்தராக இருக்கும் கந்தசாமிக்கு ஓர் ஐயமும் இல்லை. பிள்ளை தானாகக் கெடவில்லை, எவனோ கெடுத்திருக்கிறான். ரயில் நிலையத்துப் பான் கடைக்காரனா, பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோக்காரனா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஜெனிபர் எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையசைத்தாள்.

"போதை வேணாம்னு டீவில அத்தன தடவ எச்சரிக்கிறானே, நீங்க யாரும் பார்க்கலியா?"

பார்த்தார்களாம். அந்த விளம்பரத்தில் எலும்புக்கூடு வந்ததுமே எல்லாரும் சிரிப்பார்களாம். மறுநாள் வகுப்பில் எழிலன் அந்த எலும்புக்கூட்டைப் போலவே நடந்து காட்டுவானாம். அதையெல்லாம் ஒருவரும் நம்பியதில்லை என்றாள்.

"அப்ப எதத்தான் நம்புனீங்க?"

ஜெனிபர் தாயைப் பார்த்தாள். "சொல்லிடுடி" என்றாள் எஸ்தர், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தமிழ் மன்றம் ஹால்ல ஒரு போஸ்டர் இருக்குல்ல, அங்கிள்? அதுல படம் படமா இருந்துச்சு. ஒயிட்னர்ல இப்படியெல்லாம் செய்யலாம்னு அதுவரைக்கும் எங்களுக்கு மாலூமே இல்ல. கடைசிப் படத்துல அந்தப் பையன் நிம்மதியாத் தூங்கறான்."

"தூங்கலம்மா. செத்துப்போயிட்டான்." என்றார் கந்தசாமி. "கீழ அவ்வளவு பெரிசா எழுதியிருக்கே."

"இருந்துச்சு அங்கிள். எங்க யாருக்கும் தமிழ் படிக்க வராதே. எழிலனுக்கும்தான்."

அந்தப் போஸ்டர் தயாரானபோதே, இந்தியிலும் ஒரு வரி சேர்க்கலாமே என்று எஸ்தர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தமிழ் மன்றத்துச் சுவரில் தமிழ் மட்டுமே நிற்கும் என்று மறுத்துவிட்டு, அந்தப் படங்களை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து தம் கையாலேயே வரைந்தவர், மன்றத்தின் செயலாளர் கந்தசாமி.