கிளாரம்மாளுக்கு ஒரு டஜன் முட்டை

"ஒண்ணு உடைஞ்சாலும் பலிக்காதாம்ப்பா. இங்க குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்."

"கல்யாணப் பொண்ணு நீ, ஊரப் பாத்துக்கிட்டு வா. உன்னையே தூக்கி வளத்தவன், முட்டையத் தூக்க மாட்டேனா?"

அப்பா கூடையை மார்போடு அணைத்தபடி ஏறினார். குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் தொலேதோ நகரத்தில் எந்தத் தெருவும் சமமாகக் கிடக்காது. ஏறும், இல்லையென்றால் இறங்கும்.

காலைப் பேருந்தில் வந்தோம். மாலையில் திரும்பிவிட வேண்டும்.

சனிக்கிழமை எனக்கும் ஃபெர்மினுக்கும் கல்யாணம். விருந்து எங்கள் கதிரடிக்கும் களத்தில், திறந்த வானத்தின் கீழே. அன்றைக்கு மழை வராமலிருக்க, மணப்பெண் புனித கிளாரம்மாளின் கன்னியர் மடத்துக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுப்பாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

"ரெண்டு வருஷமா மழையே காணோம். அது வராம இருக்க லஞ்சம் வேறயா?" என்று பேருந்தில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் பார்லி, கதிர் பிடிக்க வேண்டிய நேரத்தில் கணுக்கால் உயரத்தில் வெளுத்து நிற்கிறது. இந்த வாரமும் பெய்யாவிட்டால் ஆடுகளை வயலுக்குள் மேய விட்டுவிடச் சொல்லிவிட்டார் அப்பா. என்னிடமல்ல, ஆட்டுக்காரரிடம். எனக்குக் கேட்டுவிட்டது.

ஆனாலும் இந்த ஊரில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடக்க முடியாது. எத்தனை முறை வந்தாலும் எனக்கு வாய் திறந்துகொள்ளும். தேன் நிறக் கல். மசூதியாகப் பிறந்து மாதாகோவிலாக வளர்ந்த சுவர்கள். சந்து முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, அதன் இடுக்கு வழியாக, வெகு கீழே, ஊரை ஒரு கையால் வளைத்துப் பிடித்திருக்கும் ஆறு.

அப்பா ஆற்றை மட்டும்தான் பார்த்தார். "எவ்வளவு தண்ணி" என்றார்.

மடத்துச் சந்தில் திரும்பியபோது மேலே ஒரு பெண் மாடத்துப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வழிந்த நீர் நேராக அப்பாவின் தலையில் விழுந்தது.

"ஐயையோ, மன்னிச்சுக்கோங்க பெரியவரே!"

அப்பா நகரவில்லை. கூடையை என்னிடம் நீட்டினார். தொப்பியைக் கழற்றினார். முகத்தை மேலே தூக்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

"ஊத்தும்மா. நிறுத்தாத, ஊத்து."

அவள் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

மடத்தின் முன்கூடத்தில் யாரும் இல்லை. அந்தச் சகோதரிகள் வெளியாட்களுக்கு முகம் காட்டுவதில்லை. சுவரில் பதித்த மரப்பெட்டி ஒன்றுதான் வழி. பொருளை வைத்தால் அது சுழன்று உள்ளே போகும்.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். சட்டையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "சத்தமாச் சொல்லு. ஒரு சொட்டு விழக்கூடாதுன்னு சொல்லு. உங்கம்மாவும் நானும் கட்டிக்கிட்டப்போ சேறா இருந்துது, உனக்கு அப்படி ஆகக்கூடாது."

முட்டைகளை வைத்தேன்.

"மாசில்லா மரியே வாழ்க" என்றது மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். இளம் குரல், என் வயதுதான் இருக்கும். "கல்யாணம் என்னைக்கு?"

"சனிக்கிழமை, சிஸ்டர்."

"வானம் தெளிவா இருக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா!" என்று வாசலிலிருந்து அப்பா உரக்கச் சொன்னார்.

பெட்டி சுழலத் தொடங்கியது. நான் அதைக் கையால் பிடித்து நிறுத்தினேன். பழைய மரத்தில், சகோதரிகள் செய்து விற்கும் மிட்டாயின் வாதுமை வாசனை. உதடு படும் அளவுக்குக் குனிந்தேன்.

"சிஸ்டர், இதே முட்டைக்கு மழை கேக்க முடியுமா?"