பென்சிலில் நாலு வரி

கமாலுதீன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தான். அளவுகோல், மைப்புட்டி, இரண்டு புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் போட்டான். காலையில் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசியிருந்தார்.

எதிர் மேஜையில் தவசிமுத்து எழுதுவதுபோல் குனிந்திருந்தான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இருவரும் ஒரே காலேஜில் ஒரே வருஷம் ஆனர்ஸ் முடித்தவர்கள். தவசிமுத்து கணிதத்தில் முதல் வகுப்பு. கமாலுதீன் பௌதிகத்தில் இரண்டாம் வகுப்பு. கணக்கு வராதவன்தான் பௌதிகத்துக்குப் போவான் என்று கணித மாணவர்கள் சொல்லித் திரிவார்கள். பௌதிகக்காரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டார்கள்.

அப்படிப்பட்டவனுக்கும் தண்டையார்பேட்டை எண்ணெய்க் கம்பெனியில் அதே குமாஸ்தா வேலை, அதே சம்பளம். கப்பலிலிருந்து இறங்கும் எண்ணெய் தொட்டியில் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து எழுத வேண்டும். கப்பல்காரன் சொல்லும் அளவோடு அது ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

வேலை ஒன்றாக இருந்தாலும் துரை தொட்டியடிக்குப் போகும்போதெல்லாம் கமாலுதீனைத்தான் கூட்டிக்கொண்டு போனார். ‘இன்னா, கீது’ என்று பேசுகிறவனின் தோளில் கை போட்டு நடந்தார். தவசிமுத்துவின் பெயர் இன்னும் அவர் வாயில் நுழையவில்லை. ராயபுரத்தில் வீட்டுக்குப் போனால் அவனுக்குச் சோறு இறங்காது.

போன வாரம் வழி கிடைத்தது. கமாலுதீன் வெளியே போயிருந்தபோது அவன் குப்பைக்கூடையில் கம்பெனிக் காகிதம் ஒன்று கசங்கிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் நுண்கணிதம். மேலே உருளை மாதிரி ஏதோ படம் வேறு. படம் போடுவது பௌதிகக்காரன் புத்தி என்று தவசிமுத்து அதைக் கவனிக்கவில்லை.

கணக்கு பாதியில் திணறி நின்றிருந்தது. அப்படியே துரைக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால், இவனுக்கு இது வராது என்பதைத் துரைக்குக் காட்டிவிட வேண்டும்போல் இருந்தது. பென்சிலை எடுத்து நாலே வரியில் முடித்தான்.

கூடவே பெயர் போடாமல் ஒரு கடிதமும் டைப் அடித்தான். ‘கமாலுதீன் ஆபீஸ் நேரத்தில் கம்பெனிக் காகிதத்தில் சொந்தக் கணக்குப் போடுகிறான். அதுவும் அவனுக்கு வரவில்லை, காகிதத்தின் அடியில் பார்க்கவும். பரீட்சையில் காப்பியடித்துப் பட்டம் வாங்கியவன்.’ கடைசி வரி பொய் என்று அவனுக்குத் தெரியும். ராயபுரம் தபால் முத்திரை விழக்கூடாது என்று காலடிப்பேட்டை வரை நடந்துபோய்த் தபாலில் சேர்த்தான்.

இப்போது எழுந்து கமாலுதீன் அருகே வந்தான். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான்.

“என்ன ஆச்சு, கமால்? துரை ஏதாவது சொன்னாரா?”

“இங்க நம்ம சீட்டு கிழிஞ்சிச்சி, மாமு.”

“அடப்பாவமே. வேலை போச்சா?”

“லண்டன்ல படிக்க அனுப்புறாங்க. ரெண்டு வருசம். செலவு பூரா கம்பெனியுது.”

தவசிமுத்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“தொட்டி வெயில்ல உப்புது, மாமு. அதான் கப்பல்காரன் அளவும் நம்ம அளவும் ஒத்துக்கல. அத்தக் கணக்காப் போட்டுகினு இருந்தேன். பாதியில மாட்டிக்கிச்சி. ஆவலன்னு கசக்கிப் போட்டுட்டேன். எவனோ அத்த எடுத்து, மீதிய முடிச்சி, தொரைக்குத் தபால்ல அனுப்பிக்கிறான்.”

“தபால்லயா?”

“ஆமா. அந்தக் கணக்கப் பாத்துதான் தொரைக்கு லண்டன் யோசனையே வந்துச்சாம். கூட ஒரு கடுதாசியும் வந்துச்சாம். தொரை எனக்குக் காட்டல.”

“நீ என்ன சொன்னே?”

“நெசத்தத்தான் சொன்னேன். படம் என்னுது, அந்த நாலு வரி என்னுது இல்ல. எனக்கு ஜென்மத்துக்கும் அது வராதுன்னேன். அப்பால சொன்னாரு, லண்டனுக்கு ரெண்டு பேரு போலாமாம். அந்தக் கடுதாசிய எழுதுனவன் நேர்ல வந்து, நாந்தான் எழுதுனேன்னு சொன்னாப் போதுமாம். ரெண்டாவது எடம் அவனுக்கு.”

கமாலுதீன் பையைக் கீழே வைத்தான். தவசிமுத்துவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கமாலுதீனின் கண் கலங்கியிருந்தது.

“இந்த ஆபீஸ்ல மேத்ஸ் ஆனர்ஸ் வேற யாரு கீறாங்க? நீதானே மாமு, அந்தக் கடுதாசிய எழுதுனது? வா, தொரைகிட்ட நானே இட்டுகினு போறேன்.”

துரையின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. தவசிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையை மெல்ல உருவிக்கொண்டான்.

“நான் இல்லே, கமால்.”