அவளுக்கு மட்டும்

“‘என் பொண்டாட்டிக்கு’ன்னு சொல்லித்தான் தினமும் வாங்கிட்டுப் போறான். அவனுக்கு ஏதுடி பொண்டாட்டி? அவதான் போன வருஷமே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாளே!”

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே ட்ரூடி பொரிந்து தள்ளினாள். இன்று அவளுக்கு விடுமுறை. காப்பிக் கடையில், காரை விட்டு இறங்காமலே வாங்கிப் போகிறவர்களுக்கான ஜன்னலில் ஆர்டர் எடுக்கும் கோரினுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேனேஜர் அவசரமாகக் கூப்பிட்டதால் ட்ரூடி ஓடி வந்திருந்தாள்.

‘அவன்’ என்பது ரஸ். மர அறுவை மில்லில் வேலை. ஆறடி உயரம், நெஞ்சு வரை தாடி. இப்போதுதான் மேலே கிரீம் மிதக்கும் ஒரு ஸ்ட்ராபெர்ரி பானம் வாங்கிப் போனான்.

சுவரில் அதன் விளம்பரம் இளித்தது. ரோஸ் கலரில் ஒருத்தி: ‘அவளுக்கு மட்டும்!’ பக்கத்திலேயே கோடாரியோடு ஒரு முரடன், கடுங்காப்பிக்கு: ‘அசல் ஆம்பளைக்கு!’

“எவன் பொண்டாட்டிக்குப் போகுதோ!”

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு, ட்ரூடி,” கோரின் கரகரத்தாள்.

ட்ரூடியா சும்மா இருப்பாள்? ஜன்னலில் கழுத்தை நீட்டினாள். ரஸ் வண்டியைப் பனிக்குவியலுக்குப் பின்னால் ஒதுக்கினான். இப்படியும் அப்படியும் பார்த்தான். மூடியைக் கழற்றி, கிரீமை நாக்காலேயே வழித்தான். தாடியெல்லாம் ரோஸ்!

“அடிப்பாவி! அவனேதான் குடிக்கிறான்!” ட்ரூடிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“மெதுவா! மில்லுல தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்கன்னு பயப்படறான். பாவம்னுதான் காப்பிக் கப்புல ஊத்திக் குடுக்கறேன்.”

“தெரியட்டுமே! எங்க வீட்டுக்காரர் லாய்ட் அங்கே ஃபோர்மேன். சாயங்காலம் அவர் காதுல போடறேன் பாரு, நாளைக்கு மில்லு பூரா சிரிக்கும்.”

“வேண்டாம்டி. அவன் சந்தோஷத்துல ஏன் மண்ணை அள்ளிப் போடறே?”

“ஆம்பளைன்னா லட்சணமா இருக்க வேண்டாமா? லாய்ட் கல்யாணமான நாள்லேருந்து கடுங்காப்பிதான். சர்க்கரையைக் கண்ணால பார்க்க மாட்டார்!”

கோரின் கடிகாரத்தைப் பார்த்தாள். மில்லில் காப்பி இடைவேளை. முகம் மாறியது.

“ஹெட்செட்டைக் குடு. நீ உள்ளே போய் டோனட் அடுக்கு.”

“இந்தத் தொண்டையை வெச்சுக்கிட்டா? வர்றவங்க தவளைன்னு நினைச்சுக்குவாங்க!”

கோரின் கையை நீட்டுவதற்குள் ‘பீப்’ என்றது. வெளியே அடுத்த வண்டி. ட்ரூடியின் காதில் ஓர் ஆண் குரல் குழைந்தது.

“கோரின் தாயே, லாய்ட்தான். வழக்கமான ஸ்ட்ராபெர்ரி ஒண்ணு. கிரீம் மட்டும் தாராளமா விடணும், என்ன?”

ட்ரூடி விருட்டென்று கோரின் பக்கம் திரும்பினாள். கோரின் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

“அப்புறம்… ட்ரூடிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. கோரின்? ...கேக்குதா?”